எல்லாத் தேதிக்கும் ஏழு

கடிதத்தில் ஓர் எழுத்து மட்டும் வரியை விட்டு எழும்பி நின்றது. அது எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம், பக்கத்து எழுத்துகளின் தோளில் கைவைத்து எட்டிப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. திர்சித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் எட்டித்தான் பார்த்தது.

கடிதம் அவளுடையது அல்ல. எத்தியோப்பியாவின் தெஸ்ஸி என்ற மலையூரில், இப்போது இல்லாமல் போன ஒரு ஹோட்டல், பதினான்கு வருடங்களுக்கு முன் தன் சமையற்காரிக்குக் கொடுத்த அனுபவச் சான்று அது. சமையற்காரியின் பெயர் ஸினாஷ். வர்ஜீனியாவில், கொலம்பியா பைக் சாலையில் எத்தியோப்பிய அப்பமான இஞ்சேராவைச் சுட்டு விற்கும் வோர்க்கு என்பவர், அவளைத் தன் அடுமனையில் நிரந்தரமாக அமர்த்திக்கொள்ள வேறொரு அலுவலகம் மூலம் மனுப் போட்டிருந்தார். அரசாங்கம் பதிலுக்கு ஒரு கேள்வியை அனுப்பியது. வேலைக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆளின் கடிதமோ நவம்பர் 2006 முதல் ஜூன் 2008 வரை என்கிறது. அது பத்தொன்பது மாதம்தானே? பன்னிரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் மனு தள்ளுபடி. ஸினாஷ் ஊர் திரும்ப வேண்டியதுதான். பழைய அலுவலகம் கையை விரித்ததும் வோர்க்கு கோப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருந்தார். அதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது.

‘இங்கே’ என்பது கோரின் ஹேல் என்ற வழக்கறிஞரின் நான்காம் மாடி அலுவலகம். திர்சித்துக்கு அந்தக் கட்டடத்தோடு கீழிருந்து மேலாகத்தான் பழக்கம். குலுக்கலில் விழுந்த லாட்டரி விசாவில் இருபது வயதில் தெஸ்ஸியிலிருந்து வந்திறங்கியவள், நிலவறை வாகன நிறுத்தத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நான்கு வருடம் சீட்டுக் கிழித்தாள். நான்காம் மாடிக்குப் போய்விட்டு வருகிறவர்களை அவளுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். சிலர் சிரித்துக்கொண்டே சில்லறையை வேண்டாம் என்பார்கள். சிலர் காருக்குள் ஏறி, சாவியைத் திருப்பாமல் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். மேலே என்னதான் நடக்கிறது? பல்மருத்துவரோ என்றுகூட நினைத்தாள். ஒருநாள், ஒருவர் விட்டுப்போன குடையைச் சாக்காக வைத்து மேலே ஏறி, கேட்டேவிட்டாள்.

“ஒருத்தர் தன்னைப் பத்திச் சொல்றது நிஜம்தான்னு காகிதத்துல காட்டறோம்” என்றாள் கோரின்.

“காகிதமே பொய் சொன்னா?”

கோரின் குடையை வாங்கிக்கொண்டு அவள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அடுத்த மாதம் கோப்பு அடுக்க ஆள் தேவைப்பட்டபோது கூண்டுக்கு அவளே இறங்கி வந்து கூப்பிட்டாள். அதன்பிறகு மாலைக் கல்லூரி, பட்டம், மாலை சட்டக் கல்லூரி. இந்த பிப்ரவரியில் வழக்கறிஞர் தேர்வும் எழுதித் தேறிவிட்டாள். மிச்சமிருப்பது ஒன்றுதான். நடத்தை விசாரணைக் குழு அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, இவள் நம்பத் தகுந்தவள் என்று கையெழுத்துப் போட வேண்டும். அது வந்துவிட்டால், இத்தனை வருடம் பிறர் பெயரில் எழுதிய வேலை விசா மனுக்களைத் தன் பெயரில் எழுதலாம்.

அந்த எம்பி நிற்கும் எழுத்தை அவளுக்குத் தெரியும். வீட்டில், அவளுடைய பெட்டியில், அவளுடைய பள்ளிச் சான்றிதழின் மொழிபெயர்ப்பிலும் அதே எழுத்து அதே உயரத்தில் எம்பி நின்றது.

மறுநாள் அடுமனைக்குப் போனாள். ஸினாஷ் புளித்த மாவை, வட்டமான மின்சாரத் தோசைக்கல்லின் விளிம்பிலிருந்து நடுவுக்குச் சுருளாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மாவின் மேல் கண்கண்ணாகக் குழி விழுந்தது. வோர்க்கு முன்கவசத்தில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தார்.

“வக்கீலம்மா வந்தாச்சு! நாற்காலி போடுங்கப்பா!”

“இன்னும் வக்கீல் ஆகலை அண்ணே.”

“ஆயிடுவீங்க. நாற்காலியாவது முன்கூட்டியே போட்டு வைக்கிறேனே.”

திர்சித் ஸினாஷின் பக்கத்தில் நின்றாள். “அக்கா, அந்த ஹோட்டல்ல எப்ப சேர்ந்தீங்க?”

“காகிதத்துல இருக்கே, கண்ணு.”

“காகிதத்தை விடுங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க.”

ஸினாஷ் இஞ்சேராவை வைக்கோல் தட்டில் வழுக்கி எடுத்தாள். “ஹிதார் மாசம். மிக்கேல் திருநாளுக்கு மறுநாள். மொதல் நாளே நூறு பேருக்குச் சுடச் சொன்னான் அந்தப் பாவி முதலாளி. விட்டது செனே மாசம், மழை பிடிச்சப்போ.”

“எத்தனை மழைக்காலம் அங்க இருந்தீங்க?”

இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை போலிருந்தது. கரண்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். “ஒரு மழைக்கு அடுக்களை ஒழுகுச்சு. அடுத்த மழைக்குத் தகரம் மாத்தினாங்க. மூணாவது மழை ஆரம்பிக்கறப்ப நான் பெட்டியைத் தூக்கிட்டேன். ரெண்டு முழுசு, மூணாவது தொடக்கம்.”

திர்சித் விரலை மடக்கி எண்ணினாள். ஹிதார் என்றால் நவம்பர், செனே என்றால் ஜூன்; ஊரில் மழை ஜூனில் பிடித்து செப்டம்பரில் ஓயும். 2006 நவம்பரிலிருந்து 2008 ஜூன் வரை என்றால் ஒரே ஒரு மழைக்காலம்தான் முழுசாக வரும். ஒரு மழை காணாமல் போயிருந்தது.

“கடிதத்தை யார் தட்டச்சு பண்ணினது?”

“முனிசிபாலிட்டி வாசல்ல, நீலப் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழ உக்காந்திருப்பாரே, காஷே தெஃபெரா. நம்மூர்ல இங்கிலீஷ் காகிதம்னா அவர்தானே. முதலாளி வாயால சொன்னான், அவர் அடிச்சார், முதலாளி முத்திரை குத்தினான். ஏன் கேக்கறே?”

“சும்மாதான்” என்றாள் திர்சித்.

சும்மா அல்ல. ஊரே ‘காஷே’, அதாவது பெரியவரே, என்று அழைக்கும் அவர்முன், அந்த நீல விரிப்பின் கீழ் அவளும் நின்றிருக்கிறாள். எத்தியோப்பிய வருடம் செப்டம்பரில் பிறக்கிறது. ஆகவே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நடந்தவற்றுக்கு ஏழு கூட்டினால் வெளியுலக வருடம் கிடைக்கும். ஜனவரிக்குப் பிறகு நடந்தவற்றுக்கு எட்டுக் கூட்ட வேண்டும். காஷே தெஃபெரா எல்லாத் தேதிக்கும் ஏழே கூட்டினார். ஸினாஷ் ஹோட்டலை விட்ட 2009 ஜூன், காகிதத்தில் 2008 ஆனது அப்படித்தான். திர்சித் பள்ளி முடித்தது ஹம்லே 1997. அதாவது 2005 ஜூலை. அவர் அடித்துக் கொடுத்ததோ ஜூலை 2004. கூண்டில் சீட்டுக் கிழித்த நாட்களில், ஒரு மழை நாளில், பள்ளி முடித்த வருடம் ஊரில் தேர்தல் நடந்ததே என்று யோசித்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, தன் வாழ்க்கையில் ஒரு வருடம் இடம் மாறிக் கிடப்பதைக் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறாள்.

ஆனால் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் 2004 என்றே எழுதினாள். பழைய காகிதமெல்லாம் அப்படித்தானே சொல்கிறது, மாற்றினால் ஆயிரம் கேள்வி வரும். வழக்கறிஞர் விண்ணப்பத்திலும் அதையே எழுதினாள். இதில் உள்ளவை யாவும் உண்மை என்று சத்தியம் செய்து, அதன் கீழே கையெழுத்தும் போட்டாள். அந்த விண்ணப்பம்தான் இப்போது குழுவின் மேசையில் இருந்தது.

ஸினாஷின் கடிதத்தில் எத்தியோப்பியத் தேதி இல்லை. ஹோட்டலும் இல்லை, முதலாளியும் செத்துப் போய்விட்டார். இனி மழைக்கணக்கு சொன்னால் யார் நம்புவார்கள்? அதே தட்டச்சுக்காரர் அடித்த வேறொரு காகிதம் வேண்டும். அதில் அம்ஹாரிக் மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். இதோ பாருங்கள், இவர் எல்லாவற்றுக்கும் ஏழு கூட்டுகிறவர் என்று காட்ட வேண்டும். அப்படி ஒன்று அவளுடைய பெட்டியில் இருந்தது. ஆனால் அதை எடுத்து நீட்டினால், தெரிந்தே பொய்த் தேதிக்குச் சத்தியம் செய்தவள் என்று தானே எழுதிக் கொடுப்பதாகும்.

வேறு யாரிடமாவது இருக்காதா என்று தேடினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் தெஸ்ஸிக்காரர்கள் கூடுவது எதாகு அக்காவின் காப்பிக் கடையில். எதாகு கோந்தர்க்காரி. ஆனாலும் எல்லா ஊர் வம்பும் அவள் கடையில்தான் வறுபடும். திர்சித் விஷயத்தை, தன் பங்கை மட்டும் விட்டுவிட்டு, மேசை மேசையாகச் சொன்னாள்.

“காஷே தெஃபெராவா? எங்கிட்ட நாலு காகிதம் இருக்கு!” என்று டாக்சி ஓட்டும் பெலாச்சு துள்ளினார். “கல்யாணச் சான்றுகூட அவர் அடிச்சதுதான்.”

“அதைக் கொஞ்சம் தர்றீங்களா அண்ணே? நகல் மட்டும் போதும்.”

“எதுக்கு?”

“அதுல தேதி தப்புன்னு காட்டறதுக்கு.”

பெலாச்சுவின் முகம் கடை அடைத்ததுபோல் ஆயிற்று. “என் காகிதத்துல தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மூணு தடவை விசா ஆபீஸ்ல பார்த்தாச்சு. நீ எதையாவது கிளறி விட்டுட்டுப் போ, நாளைக்கு என் பொண்டாட்டி, நமக்குக் கல்யாணமே ஆகலைன்னு கிளம்பிடுவா.”

“அதுக்குத்தானே நீ காத்திருக்கே” என்றது பின்மேசை. கடை முழுக்கச் சிரிப்பு.

“எனக்கு வேண்டாம்ப்பா. காகிதத்துல நான் ஒரு வயசு மூத்தவ, பென்ஷன் ஒரு வருஷம் முன்னாடியே வந்துடும். அதை ஏன் கெடுத்துக்கணும்?” என்றாள் ஒரு நர்ஸ்.

எதாகு காப்பிச் சட்டியைத் தூக்கி, வறுத்த புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டிக்கொண்டே வந்தாள். திர்சித்திடம் குனிந்து, “உனக்கு என்ன பைத்தியமா, என் அழகே? இங்க இருக்கிற முப்பது பேரும் ஏதோ ஒரு தேதியிலதான் நிக்கறோம். ஒரு செங்கல்லை உருவினா சுவரே விழும்” என்றாள். பிறகு அவள் கண்ணையே உற்றுப் பார்த்தாள். “நீயும் தெஸ்ஸிதானே? உன்னோடது யார் அடிச்சது?”

திர்சித் காப்பியைக் குடித்தாள். இரண்டாவது சுற்றுக்கு இருக்கவில்லை.

அந்த வாரமே ஸினாஷின் சித்தி மகன் தெஸ்ஸியில் தட்டச்சுக்காரரைத் தேடிப் பிடித்தான். பத்து மணிக்குப் பேசலாம் என்று அவர் சொல்லியனுப்பினார். பொழுது விடிந்ததிலிருந்து எண்ணும் ஊர்க் கணக்கில் பத்து என்றால் அங்கே மாலை நான்கு; இங்கே காலை ஒன்பது. திர்சித் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

“காஷே, ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். வருஷத்தை எப்படி மாத்துவீங்க?”

“ஏழு கூட்டுவேன்” என்றது கிழக்குரல், மிகவும் சாதாரணமாக.

“எப்பவுமா?”

“எப்பவும். ஏன், இப்ப மாத்திட்டாங்களா?”

“யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

“இருபத்தாறு வருஷம் முன்னாடி, யந்திரம் வாங்கின அன்னைக்கு, தபால் ஆபீஸ் குமாஸ்தாவைக் கேட்டேன். ஏழுன்னான். அன்னைக்கு திக்கிம்த் பதினஞ்சு, நல்லா ஞாபகம் இருக்கு. புது ரிப்பன் போட்டு மொதல்ல அந்தத் தேதியைத்தான் அடிச்சுப் பார்த்தேன்.”

திர்சித் கண்ணை மூடிக்கொண்டாள். திக்கிம்த் என்றால் அக்டோபர். அக்டோபரில் ஏழுதான் சரி. குமாஸ்தா பொய் சொல்லவில்லை. அவர் ஜனவரிக்குப் பிறகு ஒருநாள் கேட்டிருந்தால் எட்டு என்றிருப்பான். ஒரு மனிதர் எந்த மாதத்தில் ஒரு கேள்வியைக் கேட்டார் என்பதில் ஒரு ஊரே ஒரு வருடம் முன்னால் நகர்ந்துபோயிருந்தது. இருபத்தாறு வருடமாக எத்தனை கல்யாணங்கள், எத்தனை பிறப்புகள்! அவளுக்குக் கோபம் வரவில்லை. கூண்டிலிருந்து நான்காம் மாடியை அண்ணாந்து பார்த்த அதே ஆர்வம்தான் வந்தது.

“தப்பு பண்ணிட்டேனாம்மா?” என்றார் அவர்.

“பாதி வருஷத்துக்கு நீங்க சரி, காஷே.”

அவர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, “யாருக்காவது கேடு வந்துச்சா?”

“ஒருத்தங்களுக்கு. நீங்க இப்ப சொன்னதைக் கையெழுத்துப் போட்டுத் தந்தா சரி பண்ணிடலாம்.”

“ரெண்டு பிரதி போடறேன்” என்றார். “இந்தத் தடவை தேதியை நீயே எழுதிக்கோ.”

அவருடைய வாக்குமூலம் வந்து சேர்ந்தபோது இரண்டு வாரம்தான் மிச்சம். அதிலும் அந்த எழுத்து எம்பித்தான் நின்றது. ஆனால் ஒரு கிழவரின் வாய்வார்த்தை மட்டும் போதாது. திர்சித் பெட்டியிலிருந்து தன் சான்றிதழை எடுத்து வந்து கோரினின் மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கறிஞர் விண்ணப்பத்தில் எழுதியதையும் விடவில்லை.

கோரின் இரண்டு காகிதங்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “ரெண்டும் ஒரே யந்திரம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.” கீழே வைத்தாள். “இதைப் போட்டா மனு பிழைச்சுக்கும்.”

“தெரியும்.”

“போட்டா நீ குழுவுக்கும் எழுதியாகணும். அவங்க உன் உரிமத்தை ஒரு வருஷம் நிறுத்தலாம். தரவே மாட்டோம்னும் சொல்லலாம்.”

“தெரியும்.”

“முதலாளியா நான் இதைப் போடுன்னு சொல்லணும். உன்கூடப் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளா போடாதேன்னு சொல்லணும். அதனால என்கிட்ட எதையும் கேக்காதே.” எழுந்து ஜன்னலிடம் போய் நின்றுகொண்டாள்.

திர்சித் கேட்கவில்லை. தன் இருக்கையில் உட்கார்ந்து, ஸினாஷின் கோப்பை ஒரு பக்கமும் தன் சான்றிதழை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள். ஜூலை 2004. அந்த மாதம் உண்மையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? கடைசி வகுப்புக்குக்கூடப் போயிருக்கவில்லை. கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அடி வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை இல்லையென்று சொல்லித்தான் இத்தனை காகிதங்களும் ஒன்றோடொன்று ஒத்துப் போயின.

முதலில் குழுவுக்கு எழுதினாள். பிறகு நகலகத்தில் சான்றிதழை இரண்டு முறை படியெடுத்து, ஒன்றை ஸினாஷின் கோப்பில் சேர்த்தாள்.

குழு அவளை ஜூலையில் கூப்பிட்டது. ரிச்மண்டில் ஒரு நீள மேசை. மறுபக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த வெள்ளைத் தலைக்காரர் சுற்றி வளைக்கவில்லை.

“தப்புன்னு தெரிஞ்சே எழுதினீங்க. ஏன்?”

“எல்லாக் காகிதமும் ஒத்துப் போகணும்னு நினைச்சேன், சார். ஒத்துப் போறதுதான் உண்மைன்னு எனக்கே ஒரு பழக்கம் ஆயிடுச்சு.”

“இப்ப ஏன் சொல்றீங்க? நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம்.”

“இன்னொருத்தங்களோட ஒரு வருஷம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதை வெளியே எடுக்க வேற வழி இல்லை.”

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஓரத்தில் இருந்த பெண் அதுவரை திர்சித் வரைந்து கொடுத்த மாத அட்டவணையையே பார்த்திருந்தாள். “இதுல பதிமூணு மாசம் இருக்கே?”

“ஆமாங்க. கடைசி மாசத்துக்கு அஞ்சு நாள்தான்.”

“அந்த அஞ்சு நாள் என்ன பண்ணுவீங்க?”

“வேலைக்குப் போவோம். ஆனா அதுக்குச் சம்பளம் கிடையாது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வெள்ளைத் தலைக்காரர் சிரிக்கவில்லை. முடிவு தபாலில் வரும் என்றார்.

ஆகஸ்டில் ஸினாஷின் மனு ஏற்கப்பட்டது. வோர்க்கு அலுவலகத்துக்கு அறுபது இஞ்சேரா அனுப்பினார். மூன்றே பேர் இருக்கும் அலுவலகத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், கோரின் கோப்பலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தாள். ஸினாஷ் தானே வந்து, ஒரு துண்டைக் குழம்பில் சுருட்டி, திர்சித்தின் வாயில் ஊட்டினாள். “உன் காகிதத்தை எடுத்துக் குடுத்தியாமே. ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொல்லியிருந்தா வேண்டாம்னு இருப்பீங்க.”

“மாட்டேன்” என்றாள் ஸினாஷ். “எனக்கு இங்க இருக்கணும். வாங்கிட்டு அழுதிருப்பேன், அவ்வளவுதான்.”

குழுவின் தபால் நவம்பர் வரை வரவில்லை. பலமுறை திர்சித் நிலவறைக்கு இறங்கி, காருக்குள் ஏறி, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். கூண்டில் இருந்த புதுப் பையன் அவளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் மேலே என்ன நடக்கிறது என்று யோசனையாக இருந்திருக்கும்.

வந்த தபால் ஒரு பக்கம்கூட இல்லை. தெரிந்தே எழுதிய தவறான தேதிக்குக் கண்டிப்பு. அது அவளுடைய ஏட்டில் இருக்கும். தானாகத் திருத்தியதை ஏற்கிறோம். டிசம்பரில் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். கண்டிப்பு என்ற சொல்லை அவள் நான்கு முறை படித்தாள். அது வலித்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்த தேதி, 2005 ஜூலை, சரியாக இருந்தது.

ஜனவரியில் ஒரு காலை எதாகு அக்கா நான்காம் மாடிக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தேடினாள்.

“கடைக்குக் காப்பி வறுக்க எங்க ஊர்லேருந்து ஒரு ஆளைக் கொண்டு வரணும். அவனைப்போல வறுக்க இந்த நாட்டுல ஆளே இல்ல. காகிதம் எல்லாம் இருக்கு. நீதான் இப்ப வக்கீலாச்சே.” உறையை மேசையில் வைத்துவிட்டுக் கையை அதன்மேலேயே வைத்திருந்தாள். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. பெலாச்சுக்குத் தெரிஞ்சா டாக்சியில ஏறறவங்களுக்கெல்லாம் சொல்லிடுவான்.”

“சுவர் விழுந்துடும்னீங்களே அக்கா?”

“விழுந்தா உன் தலையிலதானே விழும். ஃபீஸ் எதுக்குத் தர்றேன்? பாரு.”

கோந்தரில் அடித்த அனுபவக் கடிதம். மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில். எழுத்துகள் எல்லாம் அணிவகுப்புப்போல நேராக நின்றன, ஒன்றுகூட எம்பவில்லை. வேறு யந்திரம், வேறு ஆள். திர்சித்தின் விரல் வேலையில் சேர்ந்த தேதியில் போய் நின்றது. மூலத்தில் ஹிதார் 2004. அப்படியானால் நவம்பர் 2011. மொழிபெயர்ப்பில் நவம்பர் 2012 என்றிருந்தது.

மறுபடி எண்ணினாள். இந்த மனிதர் எட்டுக் கூட்டியிருந்தார். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாத் தேதிக்கும் எட்டு.

“என்னடி, முகம் இப்படி மாறுது? தப்பா?” என்றாள் எதாகு.

திர்சித் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

“இதை அடிச்சவர் இன்னும் இருக்காரா அக்கா? அவர் யந்திரம் வாங்கினது எந்த மாசம்னு கேக்கணும்.”